மேனாட்டு நாவலுக்கு வழிகாட்டிய க. நா. சு.

எங்கள் ஊராகிய தொண்டைமானாற்றிலே, கடலுக்கும் உள்ளே நீண்டு கிடக்கும் நீரேரிக்கும் நடுவில் ஓர் அணை உண்டு. சோழ மன்னனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் மரக்கலங்கள் வந்து போதற்பொருட்டு இங்கே கால்வாய் வெட்டுவித்தான் என்பதும், அவன் பெயரே ஊருக்கும் ஆற்றுக்கும் ஆயிற்று என்பதும் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. வழி திறந்தவன் அவன். அவ்வழியிலே கதவு அமைத்தவர் பிற்காலத்தார். உவர்நீர் தடையின்றி உட்புகுமாயின் விளைநிலம் கெடும். எக்காலமும் அடைத்தே வைப்பின் மாரிவெள்ளம் வெளியேற வழியின்றி ஊரைச் சூழும். திறக்குங் காலமும் அடைக்குங் காலமும் அறிந்தவன் ஒருவன் கதவருகே நிற்றல் வேண்டும்.

சென்ற தவணையிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, மேனாட்டு நாவல்களுள் முதலில் எதனைப் படிக்கலாம் என்று வினவினாள். நன்னூலும் கம்பராமாயணமும் படித்துப் பண்டிதப் பரீட்சைக்குத் தோற்றியவனாகிய நான், அவ்வினாவுக்கு என் கல்வியைக் கொண்டு விடை கூற இயலாதவனாய் நின்றேன். மேனாட்டு நாவல் என்பது ஒரு பெருங்கடல். ஆங்கிலேயர் எழுதியவை ஆயிரம். பிரெஞ்சுக்காரரும் உருசியரும் எழுதியவை மேலும் ஆயிரம். அவற்றுள் நல்லன யாவை, அல்லன யாவை என்று கரையில் நிற்பவன் எங்ஙனம் அறிவான்? தன் ஆயுள் முழுவதையும் இவ்வினாவுக்கே கொடுத்த ஒருவர் நினைவு அப்பொழுது எனக்கு வந்தது. அவர் க. நா. சு. என்னும் மூன்றெழுத்தால் தமிழுலகம் அறிந்த கந்தாடை நாராயணசுவாமி சுப்ரமண்யம்.

அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், அவருக்கு முன்னிருந்த நிலையை நோக்குதல் வேண்டும். 1879 ஆம் ஆண்டிலே வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்திலே 1885 இல் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய சரித்திர'மும், 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'யும் தோன்றின. பின்னது ஐரோப்பாவிலே பன்னெடுங்காலம் வழங்கிய பழங்கதை ஒன்றன் வழிவந்தது. ஆகவே மேனாட்டுக் கதை எமக்குப் புதியதன்று. ஆயின் வந்த கதைகள் எத்தகையன? ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் பெருவாரியாக எழுதிக் குவித்த மர்மக் கதைகளே அந்நாளிற் பெரிதும் விரும்பப்பட்டன. ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் இத்தகைய கதைகளைத் தழுவிப் பல நாவல்கள் எழுதினர். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளே 1911 இல் ரெயினால்ட்ஸ் கதையொன்றைத் தழுவிக் 'குமுதவல்லி'யை ஆக்கினார் என்றால் அவ்வாசிரியரின் செல்வாக்கை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். அக்காலத்திலே தோல்ஸ்தோயும் தொஸ்தோயெவ்ஸ்கியும் தம் பெருநூல்களை எழுதி முடித்து மறைந்தும் போயினர். எமக்கோ அவர் பெயர் அறிந்தோர் மிகச் சிலர். கடை வாசலிலே கிடந்த சரக்கைக் கண்டு, கடை முழுவதும் அதுவே என்று எண்ணியிருந்தோம்.

இத்தகைய காலத்திலே, 1912 ஆம் ஆண்டு சனவரி மாதம் 31 ஆம் நாள், தஞ்சை மாவட்டத்து வலங்கைமானிலே க. நா. சு. பிறந்தார். தந்தையார் நாராயணசுவாமி தபாற்பகுதியிலே உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை படித்து உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பதே அந்நாளைய பெற்றோர் எல்லோரதும் வேண்டுதல். இத்தந்தையோ வேறொரு கனவு கண்டார். மகன் ஆங்கிலத்திலே எழுதி உலகறிந்த எழுத்தாளன் ஆதல் வேண்டும் என்பதே அக்கனவு. அதற்கென மகனுக்கு நூல்களைத் தேடிக் கொடுத்தார். சம்பளத்துக்கு உழைக்குமாறு வற்புறுத்தாமல் ஓய்வும் கொடுத்தார். கும்பகோணத்திலும், பின்னர்ச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கற்ற அவ்விளைஞர், வகுப்பிற் கற்றதினும் நூலகத்திற் கற்றதே பெரிது என்னும்படி வாசித்தார்.

தந்தையின் கனவு ஒரு வகையிலே பொய்த்தது. மற்றொரு வகையிலே அவர் எண்ணியதினும் நன்றாகப் பலித்தது. 1933 இல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழ் இளைஞர் பலரைத் தமிழின்பால் ஈர்த்தது. அதிலே வந்த கதைகளைக் கண்ட க. நா. சு., உலகத் தரத்திலே தமிழிலும் எழுதலாகும் என்னும் துணிவு பெற்றார். ஆங்கிலத்தை வாசிக்கும் மொழியாகக் கொண்டு, தமிழை எழுதும் மொழியாக வரித்துக்கொண்டார். அவ்வாறு அவர் திரும்பாதிருந்தால், ஆங்கிலத்தில் எழுதிய இந்தியர் பட்டியலிலே ஒரு பெயர் கூடியிருக்கும். தமிழ் வாசகனுக்கோ உலக நாவலின் கதவு மேலும் பல காலம் மூடியே கிடந்திருக்கும்.

1939 இலே 'சூறாவளி' என்னும் வார இதழை நடத்தினார். பின்னர்ச் 'சந்திரோதயம்' என்னும் இதழிலே பணிபுரிந்தார். 1963 முதல் 1965 வரை 'இலக்கிய வட்டம்' என்பதை நடத்தினார். இவை யாவும் குறைந்த ஆயுள் உடையன. பொருளைத் தின்றனவேயன்றித் தந்தனவல்ல. ஆயினும் இதழ் ஒன்று நின்றதும் மற்றொன்றைத் தொடங்கும் ஊக்கம் அவரிடம் குன்றவில்லை. நிலையான சம்பளம் எதனையும் நாடாமல், எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார். தமிழெழுத்து சோறு போடும் எழுத்தாக இல்லாத காலத்திலே இது எத்துணை இடர் நிறைந்த வாழ்வு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, அவர் மேனாட்டு நாவல்களைத் தேர்ந்த முறையைக் காண்போம். எம்மவருக்கு மேனாடு என்றால் இங்கிலாந்து. பள்ளிக்கூடத்திலே ஸ்கொட்டும் டிக்கன்சும் பாடமாக இருந்தனர். ஆகையால் அவர்களே பெரியோர் என்று கொண்டோம். க. நா. சு. அவ்வெல்லையிலே நிற்கவில்லை. ஆங்கிலத்தை அவர் ஒரு வாயிலாகக் கொண்டாரேயன்றி வீடாகக் கொள்ளவில்லை. அவ்வாயில் வழியே நோர்வேக்கும் சுவீடனுக்கும் பிரான்சுக்கும் சென்றார். மக்கள் தொகையிலே சிறியனவாய், பேரரசு எதுவும் ஆளாதனவாய் உள்ள வடநாடுகளிலே பெருநாவல்கள் பிறந்திருத்தலைக் கண்டார். சிறிய மொழியார்க்கும் உலக இலக்கியத்திலே இடமுண்டு என்பதைத் தமிழருக்குக் காட்ட இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், செல்மா லாகர்லெவ் என்னும் சுவீடன் நாட்டுப் பெண்மணியின் நாவலை 'மதகுரு' என்றும், பேர் லாகர்குவிஸ்டின் நாவலை 'அன்பு வழி' என்றும், ரோஜே மார்த்தன் து கார் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் நாவலைத் 'தபால்காரன்' என்றும் தமிழாக்கினார். இந்நால்வரும் நோபெல் பரிசு பெற்றவர். ஆயின் பரிசு ஒன்றையே அவர் துலாக்கோலாகக் கொண்டார் என்று எண்ணுதல் தவறு. அப்பரிசு பெறாத ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை'யையும் அவரே தமிழுக்குக் கொணர்ந்தார். பரிசு ஒரு சுட்டுவிரல். அது காட்டும் திசையிலே சென்று, நூலைத் தாமே முற்றப் படித்து, பின்னரே கொள்வதும் தள்ளுவதும் செய்தார்.

யான் முதலிற் படித்த மேனாட்டு நாவல் 'நிலவளமே'. போர்க்காலத்திலே, மின்சாரம் இல்லாத ஓர் இரவிலே, குப்பி விளக்கின் ஒளியிற் படித்தேன். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 யூன் தொடக்கத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்டபோது யான் சிறுவன். ஆகையால் நூல் என்பது எங்கள் தலைமுறைக்கு ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து மற்றொருவர் வீட்டுப் பெட்டிக்கு நடந்து வரும் பொருளாகவே இருந்தது. அட்டை கிழிந்த அப்பிரதியை இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தந்தார். நாவல் என்பது பொழுதுபோக்குக்கு உரியது, பண்டிதனுக்கு உரியதன்று என்னும் எண்ணத்தோடேதான் அதனைக் கையில் எடுத்தேன்.

ஐசாக் என்னும் ஒருவன் தனியே நடந்து சென்று, வடநோர்வேயின் மனிதர் இல்லாக் காட்டிலே நிலம் தேர்ந்து, குடிசை கட்டி, மண்ணைத் திருத்துகின்றான். பிளந்த உதட்டோடு பிறந்த இங்கர் என்னும் பெண் அவனோடு வாழ வருகின்றாள். தன் குறையே தன் பெண்மகவுக்கும் வாய்த்தமை கண்டு, தான் பட்ட துன்பம் அதற்கும் வேண்டாம் என்று அம்மகவைக் கொன்றுவிடுகின்றாள், சிறை செல்கின்றாள், மீண்டு வருகின்றாள். ஒரு மகன் நகரத்துக்குப் போய் அங்கும் இங்கும் ஒட்டாதவனாய் முடிகின்றான். மற்றவன் மண்ணோடு நிற்கின்றான். கதை இவ்வளவே. ஆயின் அதனைப் படித்தபோது, சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு தோண்டி, துலா மிதித்து நீர் இறைத்து, புகையிலையும் வெங்காயமும் விளைவித்த எங்கள் பாட்டன்மார் என் கண்முன் வந்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியத்திலே படித்து, பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தேன். நிலம் எங்ஙனம் முதற்பொருள் ஆகும் என்பதை, நோர்வே நாட்டான் எழுதிய நாவலிலேதான் மெய்யாக உணர்ந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த ஹாம்சன் முதுமையிலே நாசிகளை ஆதரித்துத் தம் நாட்டவரின் பழிக்கு ஆளானவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தபொழுது மனம் கசந்தது. நல்ல நூலை எழுதியவன் நல்லவனாகவே இருப்பான் என்னும் நம்பிக்கையும் அன்றே ஒழிந்தது. நல்ல நூலைத் தேடுவோன் இதனையும் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

'அன்பு வழி' வேறு வகையது. இயேசுநாதருக்குப் பதிலாக விடுதலை செய்யப்பட்ட கள்வனாகிய பரபாசின் கதை அது. தன்னிடத்திலே மற்றொருவர் இறந்தார் என்னும் நினைவு அவனை விடுவதில்லை; நம்பவும் இயலவில்லை, நம்பாதிருக்கவும் இயலவில்லை. சைவனாகிய யான் அதனைப் படித்து முடித்த இரவு உறங்கவில்லை. சமயம் பற்றிய நூல் ஒன்று, சமயப் பிரசாரம் ஒரு வரியும் இன்றி, நம்பிக்கையின் வலியை இங்ஙனம் காட்டலாகும் என்று அதுகாறும் அறியேன்.

க. நா. சு.வின் மொழிபெயர்ப்பிலே குறையே இல்லையோ எனின், உண்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாக வந்தமையால், மூலத்தின் ஓசையை அவை காட்டா. விரைந்து எழுதும் இயல்பினர் ஆதலின் புணர்ச்சி வழுவும் தொடர்ச் செம்மையின்மையும் ஆங்காங்கே காணப்படும். சிவப்பு மையோடு உட்காரும் ஆசிரியனுக்கு அவர் பக்கங்களிலே வேலை நிரம்ப உண்டு. ஆயின் தாகத்தால் வாடியவனுக்கு நீர் கொணர்ந்தவனிடம், செம்பு துலக்கப்படவில்லையே என்று குறை கூறுவது தகுமா என்பதே யான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி.

மொழிபெயர்ப்போடு அவர் அமையவில்லை. 'உலகத்துச் சிறந்த நாவல்கள்' என்னும் நூலிலே மேனாட்டு நாவல்களை எடுத்துக் காட்டி, படிக்காதவனுக்கும் படிக்கும் ஆவல் எழுமாறு செய்தார். 'படித்திருக்கிறீர்களா?' என்னும் தலைப்பிலே தமிழ் நூல்களை அவ்வாறே அறிமுகம் செய்தார். உலக நாவல்களை அளந்த அதே கோலால் தமிழ் நாவல்களையும் அளந்தார். பகை இங்கேதான் பிறந்தது. பல்லாயிரம் பிரதிகள் விற்ற தொடர்கதைகளை இலக்கியம் அல்ல என்றார். கல்கியின் புகழ் உச்சியில் இருந்த காலத்திலேயே அவர் நாவல்களைக் குறைத்து மதித்தார். பண்டிதர் கூட்டத்தையும் அவர் விட்டுவைத்தவரல்லர். எங்களைப் பற்றி அவருக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. இக்கட்டுரையை ஒரு பண்டிதன் எழுதுகின்றான் என்று கேட்டிருந்தால் அவர் வியந்திருப்பார் போலும்.

எங்கள் மண்ணிலிருந்தும் அவருக்கு எதிர்ப்பு எழுந்தது. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக 1974 இலே பொறுப்பேற்ற பேராசிரியர் க. கைலாசபதி, 1968 இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலிலே நாவலைச் சமுதாய வரலாற்றோடு சேர்த்து ஆராய்ந்தவர். க. நா. சு.வையும் அவர் வழி நின்றோரையும் ஆராய்ந்து 1980 இலே தனிநூலே எழுதினார். ஒருவரது தனிப்பட்ட சுவையே அளவுகோல் ஆகலாமா, பட்டியல் இடுதல் விமரிசனம் ஆகுமா, எழுத்தைப் பிறப்பித்த சமுதாயத்தை நோக்காது எழுத்தை மட்டும் நோக்குதல் முறையா என்பன அவர் எழுப்பிய வினாக்களின் சாரம். இவை புறக்கணிக்கத் தக்கன அல்ல. க. நா. சு. பல இடங்களிலே முடிவைச் சொல்லுவார். முடிவுக்குக் காரணம் சொல்லார். ஆசிரியன் விடையை மட்டும் எழுதி, கணக்கைச் செய்து காட்டாது போனால் மாணாக்கன் என்ன கற்பான்?

ஆயினும் இருவரையும் படித்தவன் என்னும் முறையிலே என் கருத்தைச் சொல்லுவேன். நூல் எங்ஙனம் பிறந்தது என்று அறியக் கைலாசபதி வேண்டும். எந்த நூலைக் கையில் எடுப்பது என்று அறியக் க. நா. சு. வேண்டும். முதலில் எடுத்தால் அன்றோ பின்னர் ஆராய்வது?

மேனாட்டைப் படித்தவர் தம் வீட்டை மறப்பர் என்னும் குற்றச்சாட்டும் அவர்மேல் உண்டு. அதற்கு விடையாக 1946 இல் வெளிவந்த அவருடைய 'பொய்த்தேவு' நாவலையே காட்டலாம். சாத்தனூர் என்னும் சிற்றூரிலே ஏழையாய்ப் பிறந்த சோமு, பணத்தைத் தெய்வமாகக் கொண்டு பெருஞ்செல்வனாகி, ஈற்றிலே யாவும் நீங்கிப் பண்டாரமாய் முடிகின்றான். ஒரு மனிதனின் முழு வாழ்வையும் பிறப்பு முதல் இறப்பு வரை நிறுத்திக் காட்டும் கலையை அவர் மேனாட்டாரிடம் கற்றார். ஆயின் நூலுக்கு இட்ட பெயரோ திருவாசகத்திலே திருக்கோத்தும்பியிற் பயின்ற சொல். அச்சொல்லை நாள்தோறும் ஓதிய எங்களுள் ஒருவருக்கும், அதனுள்ளே ஒரு நாவல் உறங்குகின்றது என்று தோன்றவில்லை. அது வடநாட்டு நாவல்களிலே மூழ்கி எழுந்த ஒருவர் கண்ணுக்கே தெரிந்தது. அயலாரைப் படித்தமை அவருக்குத் தம்மவரைப் படிக்கும் கண்ணைக் கொடுத்தது என்க.

1960 களின் நடுவிலே தில்லிக்குச் சென்று நெடுங்காலம் அங்கே வாழ்ந்தார். ஆங்கில இதழ்களுக்கு எழுதிக் காலங் கழித்தார். அங்கும் கைவந்த தொழிலை விட்டாரல்லர். இப்பொழுது ஆறு மறுதிசையிலே ஓடிற்று. சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்திலே ஆக்கி 1977 இல் வெளியிட்டார். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலையும் ஆங்கிலமாக்கினார். மகன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற தந்தையின் விருப்பம் இங்ஙனம் இளங்கோவடிகள் வாயிலாக நிறைவேறியது. சுந்தர ராமசாமி முதலிய பின்தலைமுறை எழுத்தாளர் பலர் அவரிடம் வாசிக்கக் கற்றனர். 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் நூலுக்காக 1986 இலே சாகித்திய அக்காதெமிப் பரிசு அவருக்கு வந்தது. எழுபத்து நான்கு ஆண்டு கழிந்தபின் வந்த பரிசு அது. 1988 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே தில்லியில் அவர் மறைந்தார்.

அவர் காட்டிய வழியிலே எங்கள் ஈழத்தவரும் நடந்தனர் என்றால் அது முழுவுண்மை ஆகாது. எம்மவர் சிலர் தாமாகவே அவ்வழியைக் கண்டவர். ஏழாலை இலங்கையர்கோன் துர்க்கனேவின் கதையை 'முதற் காதல்' எனத் தமிழாக்கினார். அ. ந. கந்தசாமி சோலாவின் 'நானா'வைச் 'சுதந்திரன்' இதழிலே தமிழிற் தந்தார். ஆயின் ஒரு நூலோ இரு நூலோ அன்றி, ஓராயுள் முழுவதையும் இதற்கென ஈந்தவர் க. நா. சு. ஒருவரே.

அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத் தக்கது யாது? விற்பனை கண்டு மயங்காதே. புகழ் கேட்டு மயங்காதே. பெரிய நாட்டின் நூல் என்பதற்காக மயங்காதே. ஒரு நல்ல நூல் கிட்டினால் அதன் ஆசிரியன் யாரைப் படித்தான் என்று தேடு. அத்தேடல் அடுத்த நூலுக்கு இட்டுச் செல்லும். படித்ததைத் தாய்மொழியிலே மற்றொருவருக்குச் சொல். பிறர் முகம் சுளிப்பினும் உன் மனம் கண்டதை மறையாதே. இவை அவர் எழுதி வைத்த விதிகள் அல்ல, வாழ்ந்து காட்டியவை.

என்னிடம் வினவிய மாணவிக்கு, என் பெட்டியிலிருந்த 'நிலவளத்தை'யே எடுத்துக் கொடுத்தேன். இரு வாரம் கழிந்து திருப்பித் தந்தாள். நன்று என்றோ தீது என்றோ சொல்லவில்லை. அந்தத் தாய் செய்தது கொலையா, இரக்கமா என்று கேட்டாள். யான் விடை சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. அடுத்தது வேண்டும் என்றாள். 'அன்பு வழி'யைக் கொடுத்தேன்.

மாலையிலே வீடு திரும்பும்போது அணைமீது சிறிது நின்றேன். ஒரு கதவு திறந்திருந்தது.